கண்வழி வந்த கலை

நுழையும்முன்

மேல்நிலை வகுப்பில் சேர்ந்த நாள்முதல் ‘அடுத்து என்ன படிக்கப்போகிறாய்?’ என்னும் வினாவை நீங்கள் பலமுறை எதிர்கொண்டிருப்பீர்கள். மருத்துவம், பொறியியல், வணிகம், சட்டம் என அதற்குப் பல விடைகள் உண்டு. நாட்டியம், ஓவியம், சிற்பம் போன்ற விடைகள் அரிதாகவே காதில் விழுகின்றன. அவற்றைத் தம் வாழ்வின் விடையாகக் கொண்டவர்கள் எவ்வாறு அம்முடிவுக்கு வந்தனர்? சென்னையின் மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர்ப் பகுதிகளோடும் அவற்றைச் சூழ்ந்த இடங்களோடும் தொடர்புடைய சிலரின் வாழ்க்கையைக்கொண்டு இப்பாடம் அதனை ஆராய்கிறது.

கலை பிறவியிலேயே வாய்ப்பது என்றொரு கருத்து நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ‘அவருக்குக் கைவந்த கலை’ என்று நாம் சொல்லும்போது, அது கைக்கு எப்படி வந்தது என்று கேட்பதில்லை. கலைஞர்களின் வரலாறுகளைச் சற்று உற்றுநோக்கினால் வேறொரு செய்தி புலப்படும். பெரும்பாலோர் வாழ்வில், அவர்கள் கலையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, வேறொருவர் அக்கலையை அவர்கள் கண்முன் நிகழ்த்தியிருக்கிறார். பார்த்தவரைப் பற்றிக்கொண்ட பிறகுதான் கலை கைக்கு வருகிறது. அவ்வாறு பலரைப் பற்றவைத்த ஒருவரிடமிருந்து தொடங்குவோம்.

கபாலீசுவரர் கோவிலில் ஆடியவர்

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோவிலில் இறைப்பணியாக நடனமாடிய மரபின் இறுதித் தலைமுறையைச் சேர்ந்தவர் கௌரி அம்மாள். 1892ஆம் ஆண்டு பிறந்த இவர், மயிலாப்பூர் கௌரி அம்மாள் என்றே அழைக்கப்பெற்றார். இவருடைய தாயார் துரைக்கண்ணுவும் நடனக் கலைஞர். எனவே, இவருக்குக் கலை வீட்டுச்சொத்தாக வந்தது எனலாம். கை முத்திரையாலும் கண்ணசைவாலும் ஒரு பாடலின் பொருளைப் பலவாறாக விரித்துக்காட்டும் அபிநயத்தில் அவருக்கு இணையானோர் அந்நாளில் மிகச்சிலரே.

அவர் ஆடியதைப் பார்த்த சிறுமியருள் ஒருவர் பாலசரசுவதி. புகழ்பெற்ற வீணைக் கலைஞரான வீணை தனம்மாளின் பெயர்த்தி; 1918ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். தாயார் ஜெயம்மாள் பாடகி. அந்த வீட்டில் இசைக்குக் குறைவில்லை. ஆனால், நடனம் வேண்டா என்பதே குடும்பத்துப் பெரியோரின் எண்ணமாக இருந்தது. ஆடுவோரைச் சமூகம் இழிவாக நோக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அத்தகைய வீட்டில் பிறந்த குழந்தைக்குக் கௌரி அம்மாளின் ஆட்டம் மனத்தில் பதிந்துவிட்டது. ஆடியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தது. தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்பப் பிள்ளை ஆசிரியராக வாய்த்தார். மிகக் கண்டிப்பானவர். 1925ஆம் ஆண்டு, ஏழாம் வயதில், காஞ்சிபுரத்தில் பாலசரசுவதியின் அரங்கேற்றம் நிகழ்ந்தது.

பின்னாளில் சென்னை மியூசிக் அகாதெமி, இசைக்கலைஞர்களுக்கே வழங்கும் சங்கீத கலாநிதி விருதை 1973இல் இவருக்கு அளித்தது. நடனத்திற்காக அவ்விருதைப் பெற்றவர் இவர் ஒருவரே. வேண்டா என்று பெரியோர் தடுத்த ஒன்றை ஏழு வயதுக்குள் ஒரு குழந்தை பற்றிக்கொண்டதன் விளைவு இது. எல்லாக் குழந்தைகளின் பிடிவாதமும் இப்படி முடிவதில்லை என்பதும் உண்மைதான். பாலசரசுவதிக்குப் பிடிவாதத்தோடு இசைநிறைந்த வீடும் கந்தப்பப் பிள்ளையும் வாய்த்தனர்.

கப்பலில் கிடைத்த அறிவுரை

எல்லாருக்கும் ஏழு வயதில் வழி தெரிந்துவிடுவதில்லை. மதுரையில் 1904ஆம் ஆண்டு பிறந்த ருக்மிணி தேவி, அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையோடு நெருங்கிய குடும்பத்தில் வளர்ந்தவர். நாட்டியத்துக்கும் அவர் பிறந்த சூழலுக்கும் அந்நாளில் தொடர்பே இல்லை. உருசிய நாட்டின் பாலே நடனமணி அன்னா பாவ்லோவா 1928இல் இந்தியாவுக்கு வந்தார். பின்னர் இருவரும் ஒரே கப்பலில் ஆத்திரேலியாவுக்குச் செல்ல நேர்ந்தது. அப்பழக்கத்தால் ருக்மிணி தேவி பாலே பயின்றார். கற்பித்தவர், பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டி. பாவ்லோவாவோ, சொந்த நாட்டின் நடன மரபைத் தேடிப்பார்க்குமாறு அவருக்கு அறிவுறுத்தினார்.

அந்த மரபு எங்கே இருந்தது? அடையாற்றிலிருந்து சிறிது தொலைவிலேயே, மயிலாப்பூரில் இருந்தது. இடையில் ஓர் ஆறும் ஒரு பாலமும் மட்டுமே. எனினும், சமூக வேலி மிக உயரமானது. அதனைத் தாண்ட ஒரு கப்பற்பயணமும் வெளிநாட்டுக் கலைஞர் ஒருவரின் சொல்லும் தேவைப்பட்டன என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

1933இல் மியூசிக் அகாதெமி மேடையில் சதிர் ஆட்டத்தை ருக்மிணி தேவி கண்டார். சதிருக்கு மேடை பெற்றுத்தர அந்நாளில் முனைந்து உழைத்தவர் வழக்கறிஞர் இ.கிருஷ்ண ஐயர். அவரே பெண்வேடமிட்டுச் சதிர் ஆடிக்காட்டியவர். ருக்மிணி தேவி முதலில் கௌரி அம்மாளிடமும் பின்னர்ப் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935ஆம் ஆண்டு பிரம்மஞான சபையின் வைர விழாவில் அவர் ஆடியபோது வயது முப்பத்தொன்று. நாட்டியத்தைப் பொறுத்தவரை இது ஓய்வுபெறும் வயது என்று கருதுவோரும் உண்டு! மறு ஆண்டே, 1936இல், கலாக்ஷேத்ரா தோன்றியது. அடையாற்றில் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர்த் திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது.

பாலசரசுவதியும் ருக்மிணி தேவியும் ஒரே ஆசிரியரிடம் பயின்றிருந்தும் ஒரே முடிவுக்கு வரவில்லை. சிருங்காரச் சுவை மிகுந்த பகுதிகளைக் குறைத்து, நாட்டியத்தைப் புதிய மேடைக்கு ஏற்பச் சீர்ப்படுத்த முனைந்தார் ருக்மிணி தேவி. சிருங்காரமே பரதத்தின் உயிர், அதில் சீர்ப்படுத்த ஏதுமில்லை என்று இறுதிவரை வாதிட்டார் பாலசரசுவதி. இவ்விவாதம் இன்றும் ஓயவில்லை.

கற்பித்தவர் இழந்தது

இனிக் கௌரி அம்மாளிடமே திரும்புவோம். பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. அதற்காக இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் போராடியவர் மருத்துவர் முத்துலட்சுமி. அவருடைய தாயார் சந்திரம்மாள் அச்சமூகத்தில் பிறந்தவர். அவ்வழக்கத்தின் கொடுமை அவருக்குப் புத்தகத்தில் படித்த செய்தியன்று. அறியாப் பருவத்துச் சிறுமியரைக் காத்த அச்சட்டம் தேவையானதே. ஆனால், அதுவரை அக்கலையைக் காத்துவந்த பெண்களின் பிழைப்புக்கு மாற்றுவழி செய்யப்படவில்லை. கோவிலைச் சார்ந்திருந்த வாழ்வாதாரமும் குடியிருந்த வீடும் கௌரி அம்மாளின் கையைவிட்டுப் போயின. அவர் ஆடிய கலை, பரதநாட்டியம் என்னும் பெயரில் நகரின் மேடைகளில் மதிப்புப் பெற்ற அதே ஆண்டுகளில், அவர் வீடுவீடாகச் சென்று அபிநயம் கற்பித்துக்கொண்டிருந்தார். முதுமை வறுமையில் கழிந்தது. 1971இல் மறைந்தார்.

கலைஞர் ஒருவர் தம் கலையைக் கண்டடைந்த கதையை வியந்து பேசுகிற நாம், அதே கலையை வேறொருவர் இழந்த கதையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். இரண்டும் ஒரே தெருவில் நிகழ்ந்திருக்கின்றன.

முப்பது ஆண்டு இடைவெளி

கௌரி அம்மாளிடம் அபிநயம் பயின்ற மற்றொருவர் கலாநிதி நாராயணன். 1928ஆம் ஆண்டு பிறந்தவர். மகள் நாட்டியம் கற்கவேண்டும் என்பது தாயாரின் விருப்பம். கோவில் மரபைச் சாராத குடும்பத்துப் பெண் ஒருவர் அந்நாளில் சதிர் கற்பது எளிய செயலன்று. அரங்கேறி ஆடிவந்த அவர், பதினாறு வயதளவில், தாயாரின் மறைவையும் தமது திருமணத்தையும் அடுத்து ஆட்டத்தை நிறுத்திவிட்டார். பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாட்டியத்தோடு தொடர்பின்றி இல்லறத்தில் கழிந்தன.

1973இல் கலை ஆர்வலர் ஒய்.ஜி.துரைசாமி, இளம் நடனமணிகளுக்கு அபிநயம் கற்பிக்கும்படி அவரைத் தூண்டினார். சிறுவயதில் கற்ற பதங்களும் சாவளிகளும் நினைவிலிருந்து மீண்டன. அவர் மேடைக்குத் திரும்பவில்லை, ஆசிரியராகவே திரும்பினார். அபிநயம் என்றால் அவரிடம்தான் கற்கவேண்டும் என்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கலைஞர்கள் வரும் நிலையை உருவாக்கினார். 1985இல் பத்மபூஷண் விருது பெற்றார். ஒருமுறை கண்டடைந்ததை இடையில் தொலைத்து, நாற்பத்தைந்தாம் வயதில் மீண்டும் கண்டெடுத்த வாழ்க்கை இது. ஆட்டத்தைவிட அபிநயத்துக்கு முதிர்ச்சி தேவை என்பார்கள். குடும்பத்தில் கழிந்த அந்த ஆண்டுகளும் அவருக்குப் பாடமாகியிருக்கக்கூடும்.

கோவிலிலோ, செல்வர் இல்லத்திலோ மட்டும் காணக்கிடைத்த ஆட்டம் இதற்குள் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட்டிருந்தது. 1953இல் தியாகராய நகரில் தொடங்கப்பெற்ற ஸ்ரீகிருஷ்ண கான சபா, 1981முதல் நாட்டியத்துக்கெனத் தனிமாநாடு ஒன்றை நடத்தத் தொடங்கியது. மூத்த ஆசிரியர்கள் முத்திரைகளையும் அடவுகளையும் மேடையிலேயே விளக்கிக்காட்டும் நிகழ்ச்சி அது. கௌரி அம்மாளின் ஆட்டத்தைக் கண்டு ஒரு சிறுமி மனம் பற்றியதுபோல, இனி யாரும் எங்கிருந்தும் வந்து அமர்ந்து பார்க்கலாம் என்றாயிற்று.

தேடாமல் வந்த வழி

கலையை நாடாமலே கலைக்குள் வந்துசேர்ந்தவர்களும் உண்டு. கேரளத்தின் பையனூரில், எட்டுக் குழந்தைகள் கொண்ட எளிய குடும்பத்தில் பிறந்தவர் வி.பி.தனஞ்செயன். 1953இல் அவருடைய தந்தை, கலாக்ஷேத்ராவின் கதகளி ஆசிரியர் சந்து பணிக்கரைத் தற்செயலாகச் சந்தித்தார். பணிக்கர் அப்போது, கதகளி பயில ஆண்பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார். உணவும் உறைவிடமும் கல்வியும் கிடைக்கும் என்னும் நிலையில், தந்தை மகனை அனுப்பிவைத்தார். பதினான்கு வயதுச் சிறுவன் அடையாறு வந்துசேர்ந்தது நாட்டியத்தின்மீது கொண்ட பேரார்வத்தால் அன்று. ஆர்வம் வந்தபின் தோன்றியது. உடன்பயின்ற சாந்தாவும் பின்னர் வாழ்க்கைத்துணையானார். இருவரும் 1968இல் அடையாற்றில் பரதகலாஞ்சலி என்னும் பள்ளியை நிறுவினர்.

வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர் கலைஞராவது குறைவான ஒன்றன்று. ஆர்வம் முதலில் வரவேண்டும், பயிற்சி பின்னர் வரவேண்டும் என்று வரிசை ஏதும் இல்லை.

தூரிகையிலிருந்து உளிக்கு

நாட்டியத்துக்கு மயிலாப்பூரும் அடையாறும் போல, ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் அமைந்த இடம் எழும்பூருக்கு அருகிலுள்ள ஓவியப் பள்ளி. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதுவே.

தெரியுமா?
சென்னை ஓவியப் பள்ளியை 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கினார். அதன் தலைமைப் பொறுப்பை 1929இல் ஏற்ற முதல் இந்தியர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் நாம் காணும் உழைப்பாளர் சிலை அவர் வடித்ததே.

மயிலாப்பூரில் 1919ஆம் ஆண்டு பிறந்த எஸ்.தனபால், ராய் சௌத்ரியின் மாணவராக அங்கு ஓவியம் பயின்றார். இடையில் நடனமும் கற்று மேடையேறினார். பிறகு சிற்பத்துக்குத் திரும்பினார். மூன்று கலைகளில் எது தம்முடையது என்று அவர் தயங்கியதாகக் கொள்ளலாம். மூன்றும் ஒன்றே என்று கொண்டதாகவும் கொள்ளலாம். ஆடிப் பழகியவருக்கு உடலின் எடை எந்தக் காலில் நிற்கிறது, தோள் எப்படிச் சரிகிறது என்பன உள்ளிருந்தே தெரியும். சிற்பிக்கு அவ்வறிவு பெரிதும் உதவும். பெரியார், திரு.வி.க., பாரதிதாசன் ஆகியோரின் உருவங்களை அவர் மார்பளவுச் சிற்பங்களாக்கினார். தாம் பயின்ற கல்லூரிக்கே பின்னாளில் முதல்வரானார்.

அவர் வீட்டுக் கதவு இளையோருக்குத் திறந்தே இருந்தது. துறையூரை அடுத்த கீரம்பூரிலிருந்து, கோட்டோவியம் வரையும் ஆசையைத் தவிர வேறு முதலின்றிச் சென்னைக்கு வந்த கே.எம்.ஆதிமூலம் என்னும் இளைஞருக்கு வழிகாட்டியவர் தனபாலே. அவர் சொற்படி ஓவியப் பள்ளியில் சேர்ந்த ஆதிமூலம், காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஐ ஒட்டி, அவருடைய வாழ்வின் பல பருவங்களை நூறு கோட்டோவியங்களாகத் தீட்டினார். தமிழ்ச் சிற்றிதழ்களிலும் நூல்களின் அட்டைகளிலும் அவருடைய கோடுகள் இடம்பெற்றன. கண்காட்சிக்கூடம் செல்லாத வாசகரும் நவீன ஓவியத்தை முதன்முதலாகப் பார்த்தது அவ்வட்டைகளில்தான்.

கே.சி.எஸ்.பணிக்கரின் கதை வேறு. 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்த அவர், சிறுவயதிலேயே நன்றாக வரைந்தார். தந்தையின் மறைவால் பதினெட்டு வயதில் கல்லூரிப் படிப்பை விட்டுத் தந்தித்துறையில் வேலைக்குச் சேர நேர்ந்தது. குடும்பத்துக்காக ஏற்ற பொறுப்பு அது. பல ஆண்டுகளுக்குப் பின், 1936இல், இருபத்தைந்தாம் வயதில் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957இல் ராய் சௌத்ரியை அடுத்து அதன் முதல்வரானார்.

மெழுகும் சாயமும் வாங்கித்தந்த நிலம்

முதல்வரான பணிக்கரை ஒரு கேள்வி உறுத்தியது. ஆண்டுதோறும் கற்றுத் தேறி வெளியேறும் இளைஞர்கள் என்ன ஆகிறார்கள்? ஓவியங்களை வாங்குவோர் சென்னையில் மிகக் குறைவு. விளம்பர நிறுவனங்களிலும் பிற வேலைகளிலும் சேர்வோர் நாளடைவில் தூரிகையைக் கீழே வைத்துவிடுகின்றனர். கலையைக் கண்டடைவது ஒருநாள் நிகழ்ச்சி. அதில் நிலைத்திருப்பதற்கு நாள்தோறும் அரிசி வேண்டும்.

பணிக்கரும் மாணவர்களும் கண்ட விடை கைவினை. பாத்திக் என்பது துணியில் மெழுகால் வரைந்து சாயத்தில் தோய்க்கும் முறை. மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பின்னர் மெழுகை நீக்கினால் வடிவம் தெளியும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் ஊடுருவி மெல்லிய நரம்புகள்போல் படர்வது அதன் தனியழகு. பகலில் சிறிது நேரம் இத்தகைய கைவினைப்பொருள்களைச் செய்து விற்பது, எஞ்சிய நேரத்தில் தம் விருப்பம்போல் வரைவது என்று அக்குழு முடிவுசெய்தது. அவ்வருவாயைக்கொண்டு, திருவான்மியூருக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணற்பரப்பை வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். அரசு தந்த நிலமன்று அது. செல்வர் எவரும் கொடையாக அளித்ததுமன்று. ஓவியர்கள் தம் கையாலேயே ஈட்டியது.

‘கலை உயர்ந்தது, கைவினை தாழ்ந்தது’ என்னும் பாகுபாட்டுக்கு இங்கே ஒரு விடை கிடைத்தது. கைவினை சோறு போட்டது மட்டுமன்றிக் கலைக்கே வடிவமும் தந்தது. சான்றாக, பி.வி.ஜானகிராமின் உலோகச் சிற்பங்களைக் காட்டலாம். கோவில் திருமேனிகளுக்கு அணிவிக்கும் கவசங்கள் தகட்டைத் தட்டித்தட்டி உருவாக்கப்படுபவை. நாம் வழிபடும்போது கண்டும் காணாமல் கடந்துபோகும் அத்தகட்டு வேலையிலிருந்தே தம் நவீனச் சிற்பமொழியை அவர் உருவாக்கினார்.

பெயர் பொறிக்கப்படாத கைகள்

இதுவரை கண்டவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஓரளவேனும் இருந்தது. கைவினைஞர் பலருக்கு அது இருந்ததில்லை. தறிக்காரர் வீட்டில் பிறந்த குழந்தைக்குத் தறியே முதல் விளையாட்டு. ருக்மிணி தேவி நாட்டிய உடைகளுக்காகவும் அருகிவந்த பழைய வடிவங்களுக்காகவும் கலாக்ஷேத்ராவில் 1937இல் நெசவுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அகன்ற கரைகொண்ட சேலைகளுக்கு அது பெயர்பெற்றது. உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் அமையவேண்டுமானால், மூன்று நாடாக்களைக்கொண்டு இரு நிற ஊடைகளை ஒவ்வோர் இழையிலும் கோத்துச் செல்லவேண்டும். கோர்வை என்று இதனைச் சொல்வர். நெசவாளருடன் உதவியாளர் ஒருவரும் தறியருகே அமர்ந்து நாடா எறிந்தால்தான் இது கூடும். அவ்வுதவி இடத்தில் அமர்ந்து கண்ணால் கற்றவர்களே பின்னர்த் தறியின் நடுவில் அமர்ந்தார்கள்.

மிருதங்கம் செய்வோர் நிலை இன்னும் நுட்பமானது. கச்சேரிகளின் களம் தஞ்சையிலிருந்து சென்னைக்கு நகர்ந்தபோது, கருவி செய்வோரும் உடன் நகர்ந்தனர். மயிலாப்பூர் வட்டாரத்தில் இன்றும் அவர்களுடைய பட்டறைகள் உள்ளன. பலாமரத்தைக் குடைந்த கட்டை, பசு, ஆடு, எருமைத் தோல்கள், கல்லைப் பொடித்து வடித்த சோற்றோடு பிசைந்த கரிய பசை ஆகியவையே மூலப்பொருள்கள். வலந்தலையின் நடுவே அப்பசையை மெல்லிய படலமாகத் தடவி, கல்லால் தேய்த்து, உலர்ந்தபின் மேலும் ஒரு படலம் ஏற்றவேண்டும். ஒவ்வொரு படலத்துக்கும் ஒலி மாறும். எந்தப் படலத்தோடு நிறுத்துவது என்பதை அளக்க அளவுகோல் இல்லை, செவிதான் அளவுகோல். அச்செவியைப் பிள்ளைகள் எட்டு வயதிலும் பத்து வயதிலும் தந்தையின் அருகமர்ந்து பெறுகின்றனர்.

பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதம் இசை உலகில் புகழ்பெற்றது. அந்நாதத்துக்குரிய கருவிகளைப் பல்லாண்டு உருவாக்கியவர் தஞ்சையைச் சேர்ந்த செபாஸ்டியனின் மகன் பர்லாந்து. வாசிப்பவர் தம் மனத்திலுள்ள ஒலியைச் சொல்லால் விளக்குவார். செய்பவர் அதனைத் தோலில் தேடுவார். கிடைக்காதபோது பிரித்து மறுபடியும் கட்டுவார். தோல்வேலை செய்வோர் எனச் சமூகம் ஒதுக்கிவைத்த மக்களுள் பலர் இத்தொழிலில் இருந்தனர்; கருவி ஏறிய மேடையில் செய்தவருக்கு இடமில்லை. பாடகர், பக்கவாத்தியக்காரர் பெயர்களைத் தாங்கிய கச்சேரி அறிவிப்புகளில் அவர்களின் பெயர் இடம்பெற்றதில்லை. இசைக்கலைஞர் டி.எம்.கிருஷ்ணா அக்குடும்பங்களை ஊர்ஊராகத் தேடிச்சென்று, அவர்கள் சொல்லக்கேட்டு எழுதிய நூல் 2020இல் வெளிவந்தது. செபாஸ்டியன், பர்லாந்து ஆகிய பெயர்கள் அந்நூலின் வழியாகவே இசை கேட்போர் பலருக்கு முதன்முதலாகத் தெரியவந்தன.